அத்தை வீட்டில் வலிக்காத வயிறு

பேக்கரிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஏழாம் வகுப்பு படிக்கும் மகளின் வயிற்று வலிக்காக இந்த ஐந்து வருடத்தில் அவர் ஏறாத ஆஸ்பத்திரிப் படி இல்லை. இன்றைக்குத்தான் காரணம் தெரிந்திருக்கிறது.

“கோதுமை இவ குடலுக்கு ஒத்துக்கல. ரெண்டு பரிசோதனையும் அதைத்தான் சொல்லுது. ரொட்டி, பிஸ்கட், கேக் எதுவும் கண்ணுலகூட காட்டாதீங்க” என்றார் டாக்டர்.

“அடப் பாவமே! கடையில மீந்த ரொட்டியைத்தானே மூணு வேளையும் குடுத்தேன்!”

“இதைக் கண்டுபிடிச்சதே நீங்கதான். அத்தை வீட்டுக்குப் போனா நல்லா இருக்கா, நம்ம வீட்டுக்கு வந்தா வயித்தைப் பிடிச்சுக்கறான்னு சொன்னீங்க பாருங்க, அதுலதான் எனக்குப் பொறி தட்டுச்சு. அங்க சோறு, இங்க ரொட்டி. வேற அப்பாவா இருந்தா, பொண்ணு நடிக்குதுன்னு நாலு சாத்து சாத்தியிருப்பாரு.”

பேக்கரிக்காரர் பெருமையோடு மகளின் தலையைத் தடவினார்.

“இது பரம்பரையா வர்றதுண்டு. இவளோட அம்மாவுக்கு இந்த மாதிரி ஏதாவது…?”

தடவிய கை அப்படியே நின்றுவிட்டது. மகள்தான் பதில் சொன்னாள்.

“அம்மாவுக்கு நோயெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர். பிறந்த வீட்டுக்குப் போனா நல்லா இருப்பாங்களாம். எங்க வீட்டுக்கு வந்தா மட்டும் வயித்து வலின்னு படுத்துக்குவாங்களாம். எல்லாம் நடிப்புன்னு அப்பாதான் கண்டுபிடிச்சு, கோர்ட்டுல சொல்லி விவாகரத்து வாங்கினாரு.”