வழக்கமில்லாத வார்த்தை

"எம்மக உங்களுக்கு என்னாங்க சார் கெடுதல் பண்ணினா?"

ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் முத்துலிங்கம் இப்படித்தான் ஆரம்பித்தார். கால் சேறுகூட இன்னும் காயவில்லை.

சுதாகரன் சார் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "மொதல்ல உக்காருங்க. என்ன விஷயம்?"

முத்துலிங்கம் உட்காரவில்லை. மகள் வினோதாவின் நற்சான்றிதழை மேசையில் விரித்தார். நாளைக்கு அவளுக்கு நுவரெலியா ஓட்டலில் நேர்முகப் பரீட்சை. அந்த வேலை கிடைத்தால் அவள் கொழுந்து பறிக்கப் போக வேண்டியதில்லை. அந்த ஒரு ஆசையில்தான் மனிதர் இத்தனை வருஷம் ஓடியிருக்கிறார்.

"எங்க லயத்துப் புள்ளைங்க எல்லாருக்கும் ஹானஸ்ட், ஒபீடியன்ட், ஹார்ட்வர்க்கிங்னு மூணு வார்த்தை போட்டீங்க. நாலு ஜன்னல ஒடச்சானே எங்கண்ணன் மகன் மதுரன், அவனுக்கும் போட்டீங்க. எம்மகளுக்கு மட்டும் ஏன் சார் ஒத்த வார்த்தை?"

"ரிஃப்ளெக்டிவ். அதுதானே?"

"அதேதான். காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுல தோட்டத்துக் கணக்கப்பிள்ளைகிட்ட காட்டினேன். இந்த வார்த்தைய நான் பார்த்ததே இல்லையேன்னு தலையச் சொறிஞ்சாரு."

கணக்கப்பிள்ளைக்கே தெரியாத வார்த்தை நல்லதாக இருக்க முடியுமா? சார் ஏதோ மனசில் வைத்துக்கொண்டு பிள்ளையின் பிழைப்பைக் கெடுத்துவிட்டார் என்று மூன்று லயத்து வீடுகளிலும் பேச்சு. பரப்பியவர் வேறு யாருமில்லை, முத்துலிங்கம்தான்.

சார் சிரித்துவிட்டார். "யோசிக்கிறவள்னு அர்த்தம்."

"யோசிச்சுக்கிட்டே நின்னா ஓட்டல்ல யாருங்க சார் வேலை குடுப்பாங்க?"

"சும்மா கூரை முகட்டப் பார்த்துக்கிட்டு இருக்கிறவங்களுக்கு இதப் போட மாட்டாங்க. நடந்தத மனசுக்குள்ள திரும்பிப் பார்த்து, இதுல என் பங்கு என்னன்னு கேக்கிறவங்களுக்குத்தான் போடுவாங்க."

முத்துலிங்கம் இப்போதுதான் உட்கார்ந்தார்.

"போன வருஷம் நம்ம பள்ளிக்கூடத்துல இருந்த ஒரே மைக்ரோஸ்கோப் மேசையில இருந்து விழுந்து ஒடஞ்சுச்சு. யாரு தட்டிவிட்டதுன்னு கேட்டேன். நான் இல்ல, நான் இல்லன்னு அத்தனை பேரும் கத்துனாங்க. எனக்கு வந்த கோவத்துல முழு வகுப்பையும் ரெண்டு பாடம் முட்டி போட வச்சேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு உங்க மக மட்டும் வந்து நின்னா. 'தட்டிவிட்டது நான் இல்ல சார். ஆனா அது மேசை ஓரத்துல இருந்தத பார்த்தேன். நகத்தி வைக்காம போயிட்டேன்'னு சொன்னா."

சொல்லிவிட்டு சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இப்பவும் அந்த மூணு வார்த்தைதான் வேணும்னா சொல்லுங்க, மாத்தி எழுதித் தர்றேன்."

"ஐயையோ, வேணாங்க சார்!" முத்துலிங்கம் காகிதத்தை அவசரமாக மடித்துப் பைக்குள் வைத்தார். பரப்பியதை எல்லாம் இனி வாசல் வாசலாகப் போய்த் திருப்பிச் சொல்ல வேண்டும். வந்த வேகம் இப்போது இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சார் சொன்னதை மகளிடம் ஒப்பித்துவிட்டு ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஏம்மா, அந்த மைக்ரோஸ்கோப்ப மேசை ஓரத்துல வச்சது யாரு?"

வினோதா தயங்கினாள். "சார்தாம்ப்பா."

"அடப்பாவி மனுஷா! அப்பறம் உங்க எல்லாரையும் எதுக்கு முட்டி போட வச்சாராம்? அத அவரு மூஞ்சிக்கு நேரா கேக்க வேண்டியதுதானே?"

"என் பங்கத்தாம்ப்பா நான் சொல்லலாம். அவரு பங்க அவருதானே யோசிக்கணும்."

"ஆமா, யோசிச்சுக் கிழிச்சாரு!"

வினோதா நற்சான்றிதழின் மடிப்பைப் பதமாக நீவிவிட்டாள்.

"யோசிச்சுட்டாருப்பா. இல்லாட்டி எனக்கும் அந்த மூணு வார்த்தையத்தான் போட்டிருப்பாரு."