பையில் பரோட்டா

“மேடம், நீங்களே மோந்து பாருங்க. சால்னா மணக்குது!”

நர்ஸ் இசக்கிச்செல்வி நீட்டிய பையை ஜெயபிரியா வாங்கினாள். மணக்கத்தான் செய்தது.

மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகளுக்காக அவளே செய்த பை. மெழுகுத் தகட்டை வெந்நீரில் சூடாக்கி அடியில் செருகினால் போதும். கரண்ட் இல்லாமலே மணிக்கணக்கில் கதகதப்பு. பெரிய மெஷின் வாங்க வழியில்லாத ஊர்களுக்கென்று உழைத்து உருவாக்கியது. காலையில்தான் பண்பொழியில் இந்த வீட்டுக்குக் கொடுத்திருந்தாள். சாயங்காலம் பார்க்க வந்திருந்தாள்.

ஜிப்பைத் திறந்தாள். உள்ளே வாழையிலைப் பொட்டலம். பார்டர் கடைப் பரோட்டா!

ஜெயபிரியாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

“ரிஃபாத், உங்களுக்குப் பரோட்டா சூடா இருக்கணும். பெத்த பிள்ளை எப்படிப் போனா என்ன?”

குழந்தையின் அப்பா ரிஃபாத் கழுத்துவரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றான். வெளியே சாரல். தனக்கு மட்டும் கம்பளி! அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

“கோவப்படாதீய மேடம்...”

“பேசாதீங்க. சிஸ்டர், பையை எடுங்க. அருமை தெரிஞ்ச வீட்டுக்குக் கொடுப்போம்.”

“ஐயோ, எடுத்துராதீய! இனிமத்தான் அது வேணும்.”

“இனிமேலா? அப்ப இவ்வளவு நேரம் குழந்தை எங்க இருந்துச்சு?”

ரிஃபாத் கம்பளியை மெல்ல விலக்கினான். வெற்று மார்போடு ஒட்டிக்கொண்டு, கையளவு குழந்தை அசந்து தூங்கியது.

“ஆஸ்பத்திரியில இப்படி வைக்கச் சொல்லிக் குடுத்தாவ. பிள்ளையோட அம்மா அதீபாவுக்குக் காய்ச்சல், அதான் நான் வச்சிருக்கேன். பை புதுசு. சூடு தங்குமா, இல்ல சுட்டுருமான்னு தெரியாம பிள்ளைய எப்படி வைக்க? மொதல்ல பரோட்டாவ வச்சுப் பாத்தேன்.”

இசக்கிச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“எல்லாம் லேப்ல டெஸ்ட் பண்ணினதுதான்...” ஜெயபிரியாவின் குரல் இறங்கிவிட்டது.

“சென்னை லேப்ல ஏது மேடம் எங்கூருச் சாரக்காத்து? இப்ப தொட்டுப் பாருங்க. மத்தியானம் வச்சது, இன்னும் பதமா இருக்கு. இனி தைரியமா பிள்ளைய வைக்கலாம்.” ரிஃபாத் முகமெல்லாம் சிரிப்பு. “ஆமா, லேப்ல நீங்க எதை வச்சுப் பாத்தீய?”

ஜெயபிரியா தகட்டைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

“இட்லி” என்றாள்.