பன்னிரண்டு பீங்கான் தட்டுகள்

அந்தப் பழைய ஊமைப்படத்தில், மனைவிக்குப் பயந்து பாத்திரம் கழுவிய கணவன் பன்னிரண்டு பீங்கான் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கிக்கொண்டு வருகிறான். தரையில் ஒரு சோப்புக்கட்டி கிடக்கிறது. அதன்மேல் அவன் கால் படப்போகும் நேரத்தில் சிகாமணி ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்திவிட்டார். மூன்று நாளாகியும் ஓடவிடவில்லை. ஒற்றைக்காலைத் தூக்கியபடி அவன் டிவியில் அப்படியே நின்றான். வேலைக்கு வரும் செல்லக்கிளிகூட அந்தப் பக்கம் மட்டும் அரவமில்லாமல் பெருக்கினாள்.

"ஏங்க, மூணு நாளா என் சீரியல் போச்சு," என்றாள் அவர் மனைவி அம்சவேணி.

"விழுந்துடுவான் அம்சா. பாவம்."

"விழுறதுக்குத்தான் அவனுக்குச் சம்பளமே குடுத்திருப்பாங்க. குடுங்க இப்படி."

ரிமோட்டைப் பிடுங்கி அழுத்தினாள். கால் வழுக்கியது. தட்டுகள் விட்டம்வரை பறந்தன. பதினொன்று நொறுங்கிவிட, பன்னிரண்டாவதை அவன் விழுந்தபடியே பிடித்து, பெருமையாக மனைவியிடம் நீட்டினான். அவள் அதை வாங்கி அவன் தலையிலேயே போட்டு உடைத்தாள்.

அம்சவேணி சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்காமல், சோபாவில் சரிந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அப்படியொரு சிரிப்பைச் சிகாமணி கேட்டதில்லை.

அவர் ரிமோட்டை மெல்ல வாங்கிப் படத்தைப் பின்னால் ஓட்டினார். உடைந்த தட்டுகள் ஒட்டிக்கொண்டு அவன் கைக்குத் திரும்பின. அவன் மறுபடியும் ஒற்றைக்காலில் நின்று, தட்டுகளுக்கு மேலாக அவரையே பார்த்தான்.

"மன்னிச்சுக்கப்பா," என்று முணுமுணுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.