நிழற்குடையைத் திறந்த ஆடு

பேரூராட்சி புதிதாகக் கட்டிய பேருந்து நிழற்குடைக்குத் திறப்பு விழாத் தேதி கிடைக்கவில்லை. மூன்று மாதமாக அதன் வாசலைக் கீற்றுப் படலால் அடைத்துக் கட்டியிருந்தார்கள்.

ஒருநாள் கொட்டும் மழையில் கைக்குழந்தையோடு ஒருத்தி வெளியே நனைந்துகொண்டு நின்றாள்.

"எனக்குக் கை இல்லையே, கட்டை அவுக்க" என்று நிழற்குடை தவித்தது.

"எனக்குப் பல்லு இருக்கே" என்றது அந்தப் பக்கம் வந்த வெள்ளாடு. கயிற்றைக் கடித்துத் துப்பியது. படல் சாய்ந்தது. அவள் உள்ளே ஓடிவந்து குழந்தையின் தலையைத் துவட்டினாள்.

மறுவாரம் தலைவர் வந்து ரிப்பன் வெட்டினார். கல்வெட்டில் இருந்த பதினொரு பேரையும் மைக்கில் வாசித்தார்கள்.

நிழற்குடை ஆட்டிடம் மெல்லக் கேட்டது: "உன் பேரு என்ன?"

"எனக்கு யாரும் பேரு வைக்கலையே."

"அதான் கல்லுல காணோமா! போகட்டும். உனக்குன்னு ஒரு மூலையை வச்சிருக்கேன். வெயில் ஏறுது, வந்து படு."