படத்தில் இல்லாதவள்

அந்தக் கற்சிலைகளை அவள் பார்த்தவுடன் அறிந்துகொண்டாள்.

கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய சிறு துறவிகள். வரிசையாக, தோள்வரை பனியில் புதைந்து. இடப்புறம் சாய்ந்த மூங்கில் வேலி.

ஜப்பானின் நிக்கோ மலைக்கு அவள் வருவது இதுவே முதல்முறை.

"என்ன, ஏற்கெனவே வந்த மாதிரி பாக்குறே?" என்றான் கணவன்.

அவள் கையுறையைச் சரிசெய்துகொண்டாள்.

கடற்படைச் சீருடை அவளுடையது. அவளுக்காக நாடு விட்டு நாடு வந்து, யோகோசுகா துறைமுகக் குடியிருப்பில் சமைத்து, மகளைப் பள்ளிக்கு அனுப்பி, காத்திருக்கும் வேலை அவனுடையது. அவள் கப்பலில் இருந்த மாதங்களில் பண்டிகைகளும் விடுமுறைகளும் அவனுக்கும் மகள் தாரிணிக்கும் வந்தன.

அவளுக்குப் படங்கள் வந்தன.

கப்பலில் இணையம் மெதுவானது. படம் மேலிருந்து கீழாக, பட்டை பட்டையாகத் திறக்கும். முதலில் வானம். பிறகு அவனுடைய சிரிப்பு. பிறகு தாரிணியின் தொப்பி. பிறகு இந்தச் சிலைகள்.

கடைசியாக, பனியின்மேல் ஒரு நிழல்.

படம் எடுத்தவளின் நிழல். அகன்ற தொப்பி. முழங்கால்வரை நீண்ட அங்கி. அது மகளின் காலணியைத் தொட்டுக்கொண்டு கிடந்தது.

அதன் பிறகு வந்த படங்களில் அவள் முகங்களைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

கடற்கரை மணலில் ஒரு குடையின் நிழல். செர்ரி மரத்தடியில் ஒரு கொண்டையின் நிழல். அப்பாவும் மகளும் சேர்ந்து நிற்கிறார்கள் என்றால், எதிரே ஒருத்தி நிற்கிறாள்.

நிழலுக்கு முகம் கிடையாது. ஆகையால் எந்த முகமும் அதற்குப் பொருந்தும்.

அவள் ஒரு முகம் கொடுத்தாள். அழகான முகமாகவே கொடுத்தாள். பிறகு குரல். பிறகு, அவன் சொல்லும் பழைய நகைச்சுவைக்கெல்லாம் சிரிக்கிற குணம். குடைக்காரியும் கொண்டைக்காரியும் தொப்பிக்காரியும் ஒருத்தியாகிவிட்டார்கள்.

இன்று காலை ரயிலடிக் கடையில் அவன் பலகையைப் படிக்காமலே சுட்ட அரிசி உருண்டைகள் வாங்கினான். மேலே இனிப்பும் உப்பும் கலந்த பாகு.

"இதத் தின்னு பாரு. இதுதான் இங்க ஒசத்தி."

யார் சொன்னது, எப்போது என்று அவள் கேட்கவில்லை. தின்றாள். சுவையாக இருந்தது. அதுவே எரிச்சலாக இருந்தது.

கேட்டுவிட வேண்டும். இங்கேயே, இந்தச் சிலைகளின் முன்னால். ஒருமுறை கேட்டுவிட்டால் கேட்காததாக ஆக்க முடியாத கேள்வி. அவன் சிரித்துவிட்டால் அவள் சிறியவளாகிப் போவாள்.

சிரிக்காவிட்டால்?

"அம்மா, இங்கதான் நாங்க வழுக்கி விழுந்தோம்!" தாரிணி குதித்தாள்.

நாங்க. அதற்குள் எத்தனை பேர் என்று அவள் மனம் எண்ணிப் பார்த்தது.

குதித்ததில் மகளின் பின்னல் தோளில் வந்து விழுந்தது. அவள் கப்பலேறியபோது அவனுக்கு முடியை மூன்றாகப் பிரிக்கவும் தெரியாது. இப்போது ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை.

"பின்னல் நல்லாருக்கு," என்றாள். "யாரு சொல்லிக்குடுத்தா?"

"யாரு சொல்லிக்குடுப்பா? கர்ட்டன் கயித்துல போட்டுப் பழகுனேன்."

"ரெண்டு கயிறு அந்துபோச்சும்மா. சமையல்ரூம் கர்ட்டன மூடவே முடியாது."

தந்தையும் மகளும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நம்பவும் இல்லை.

அவள் வாயைத் திறந்தாள்.

பின்னாலிருந்து யாரோ மெல்லத் தொண்டையைச் செருமினார்கள்.

முன்பின் அறியாத ஓர் இளைஞன். தோள்மேல் ஒரு குழந்தை. அது விழுந்துவிடாத அளவுக்குக் குனிந்து வணங்கி, தன் கைப்பேசியை அவளிடம் நீட்டினான்.

வாங்கிக்கொண்டாள்.

அவன் குழந்தையை இறக்கிச் சிலைகளின் முன் நிறுத்தி, அருகில் மண்டியிட்டான். அவள் கைப்பேசியை உயர்த்தினாள். வெயில் அவளுக்குப் பின்னால் இருந்தது.

திரையில் அவன். குழந்தை. சிவப்புத் துணிகள்.

கீழே, அவள் காலிலிருந்து புறப்பட்டுப் போன ஒரு கம்பளித் தொப்பி. ஒரு நீண்ட அங்கி. அது குழந்தையின் சின்னக் காலணியைத் தொட்டுக்கொண்டு கிடந்தது.

அவள் விரல் அழுத்தாமல் நின்றது.

இந்தப் படம் யாருக்குப் போகும்? இன்று இவர்களோடு இங்கே நிற்காத யாரோ ஒருத்தி, எங்கே இருந்துகொண்டு இதைத் திறப்பாள்?

ஓர் அடி விலகினாள். நிழலும் விலகியது, போதவில்லை. பாதையை விட்டு இறங்கி, மறுபக்கமாகச் சுற்றிப் போனாள். பனி அவளை முழங்கால்வரை உள்வாங்கியது. இளைஞன் குழம்பி, குழந்தையோடு அவள் பக்கம் திரும்பினான். வெயில் அவள் கண்ணைக் கூசவைத்தது.

திரையில் இப்போது அவர்கள் இருவர் மட்டும்.

அழுத்தினாள்.

இளைஞன் படத்தைப் பார்த்தான். மீண்டும் வணங்கினான்.

"எதுக்கு அவ்ளோ தூரம் தள்ளிப் போனே? கால் பூரா பனி பாரு," என்றபடி கணவன் குனிந்து அவள் முழங்காலைத் தட்டிவிட்டான்.

குனிந்த அவன் தலையை அவள் பார்த்தாள். கேள்வி நாக்கின் நுனியில்தான் இருந்தது.

அவள் தன் கைப்பேசியை எடுத்து இளைஞனிடம் நீட்டினாள்.

"மூணு பேரும் நிப்போம்," என்றாள்.

நின்றார்கள். தாரிணி நடுவில்.

இளைஞன் குழந்தையை மறுபடியும் தோளில் ஏற்றிக்கொண்டு, இவர்கள் மூவரும் அடங்கும்வரை முன்னும் பின்னும் நகர்ந்தான். இரண்டு தலை கொண்ட அவன் நிழல் பனியின்மேல் நீண்டு வந்து, அவள் காலடியைத் தொட்டது.

அவள் நகரவில்லை.