கூரைக்கு ஒரு முடிச்சு

அமெரிக்காவின் மெய்ன் கடற்கரைக் காட்டில், தேவதைகள் வந்து தங்கட்டும் என்று மர வேர்களுக்கிடையே ஊரார் கட்டிய குட்டி வீடுகளின் மேல் வெயில் சொட்டிக்கொண்டிருக்கிறது. எல்வுட் கட்டிய வீட்டின் முன் விதிமுறைக் காவலுக்கு நிற்கிறாள் வெர்னா. அவள் முறைத்தால், வேடிக்கை பார்க்க வந்த நான் என்ன, பாறையும் மன்னிப்புக் கேட்கும். "காட்டுல உதிர்ந்தத வச்சுத்தான் கட்டணும். இது என்ன, நீலமா?" கூரையைப் பிடித்திருப்பது நைலான் கயிறு. ஆயுளெல்லாம் சிங்கி இறால் பிடிக்கக் கூண்டு கட்டிய எல்வுட்டின் கை வேறு எதைத் தேடும்? "அவுத்தா விழுந்துடும் வெர்னா. லெட்டி ஒரு தடவ பாத்துடட்டும்." வருடா வருடம் இங்கே கட்டுகிறவள் அவன் மனைவி லெட்டிதான். இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் முதல்முறையாக, நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு, நத்தைகள் முந்திச்செல்ல, மகாராணிபோல் வந்து சேர்கிறாள். "யோவ், வீடு கட்டச் சொன்னா கூண்டு கட்டி வச்சிருக்க! தேவத மாட்டிக்கிட்டா வேகவச்சுத் தின்னுடுவியா?" அவள் சிரிப்பில் மரங்கொத்திகள் வேலையை நிறுத்துகின்றன. பிறகு அவன் ஸ்வெட்டர் தோளில் ஒட்டியிருக்கும் தன் நீண்ட நரைமுடிகளைப் பொறுக்கித் திரிக்கிறாள். "இதுவும் உதிர்ந்ததுதான வெர்னா?" வெர்னா குனிந்து கூரையைத் தாங்கிக்கொள்கிறாள். எல்வுட் நைலானை அவிழ்த்து, நரைத்திரியால் அதே கூண்டு முடிச்சைப் போடுகிறான். வெர்னா கையை எடுக்கிறாள். கூரை நிற்கிறது. நாங்கள் நால்வரும் விட்ட மூச்சில் ஒரு பாய்மரக் கப்பலே கிளம்பியிருக்கும். அந்த நரைமுடி மட்டும் அசையவில்லை.