சோத்தாங்கை

"தொடாதீங்கம்மா," என்றான்.

அவள் விரலை இழுத்துக்கொண்டாள்.

முப்பத்தோரு வருஷம் குடித்தனம் நடத்திய புருஷன். இப்போது பிளாஸ்டிக் உறைக்குள் அட்டைப் படமாக இருக்கிறார். இவள் தொட்டால் அழுக்காகிவிடுவாராம்.

வந்தவன் பெயர் கிரிதரன். அண்ணா நகர்க்காரன். பழைய பாக்சர்களின் அட்டை, நோட்டீஸ், பெல்ட் என்று எது கிடைத்தாலும் வாங்கிச் சேர்க்கிறவன். செத்தவன் பல்லைக் கொடுத்தாலும் கண்ணில் ஒற்றிக்கொள்வான் போலிருந்தது. இரண்டு கையிலும் வெள்ளைத் துணி கிளவுஸ் மாட்டியிருந்தான். ராயபுரத்தில் அவளுடைய ஒற்றை அறையில், நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த முறத்துக்குப் பக்கத்தில், பெட்டியைத் திறந்து கடை விரித்துவிட்டான்.

இடப்பக்கம் உட்கார்ந்து ஏதோ சொன்னான்.

"இந்தாண்ட வந்து சொல்லுப்பா. அந்தக் காது செத்துப் போச்சு."

எப்படி என்று அவன் கேட்கவில்லை. நகர்ந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தான்.

சிகரெட் பெட்டி அளவு அட்டை. அந்தக் காலத்தில் டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுத்தது. வலது கால் முன்னே. இடது முஷ்டி தாடையோரம் காத்திருக்கிறது. கீழே சிவப்பு எழுத்தில், நொட்டாங்கை பொன்னுரங்கம்.

"ரெண்டே ரெண்டுதாம்மா மிச்சம். ரெண்டும் என்கிட்டதான்."

நாய்க்குப் பேராம் முத்துமாலை, என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்து பாக்சிங் கிளவுஸை எடுத்தான். பிள்ளை பெற்றவளிடமிருந்து குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் எடுத்தான். ஒற்றைக் கிளவுஸ். இடது கை.

பாக்சிங் சங்கத்துச் செயலாளர் வீட்டுப் பரணில் ஜோடியாகத்தான் கிடந்ததாம். வலதை எலி கடித்திருந்ததாம். அங்கேயே போட்டுவிட்டு வந்தானாம்.

"அத்தனை பேரையும் சாய்ச்சது இந்தக் கைதானே!"

அவளுக்குச் சிரிப்பு முட்டியது. அடக் கிரகமே. படித்தவனாம் இவன்.

அந்த அட்டை அச்சானது அவள் கல்யாணம் ஆன வருஷம். பிரஸ்காரன் நெகட்டிவைத் திருப்பிப் போட்டுவிட்டான். வலக்கைக்காரர் இடக்கைக்காரர் ஆகிவிட்டார்; படத்தைப் பார்த்து அவனே நொட்டாங்கை என்று பேரும் போட்டுவிட்டான். பார்த்துவிட்டுப் பொன்னுரங்கம் விழுந்து விழுந்து சிரித்தார். முதல் மணி அடிக்கும்வரை எதிராளி குழம்பினால் போதும் என்று அந்தப் பேரையே வைத்துக்கொண்டார்.

சண்டையைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். அட்டை மட்டும் பிழைத்துக்கொண்டது.

"இந்த வலது கையில தேள் பச்சை குத்தியிருக்காரே, அதுக்கு ஏதாவது கதை உண்டாம்மா?"

அவள் குனிந்து பார்த்தாள்.

லோகா. அவள் பெயர். இடது முன்னங்கையில் அவர் குத்திக்கொண்டது. படம் திரும்பியதில் எழுத்தும் திரும்பி, கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவன் கண்ணுக்கு அவள் தேளாகிவிட்டாள்.

ஆகட்டும். கொட்டத் தெரியாத தேள்.

கடைசியில் ஒரு காகிதத்தை நீட்டினான். இவையெல்லாம் என் கணவருடையவை. அவர் இடக்கை வீரர். வலது கையில் தேள். நான் அறிய இது உண்மை. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியாம்.

"நீங்க கையெழுத்துப் போடலன்னா இதெல்லாம் வெறும் தோலும் காகிதமும்மா."

அவள் பேனாவை வாங்கவில்லை.

அந்த ஆளுக்காக அவள் சொல்லாத பொய்யா? படியில் வழுக்கிவிட்டது. குழாயடியில் இடித்துக்கொண்டேன். கதவு பட்டுவிட்டது. தெருவே கேட்டுத் தலையாட்டியது. ஆள் போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு பொய்யா? அதுவும் எழுத்தில்?

"நொட்டாங்கை இல்லப்பா," என்றாள். "அந்தாளுக்கு சோத்தாங்கைதான்."

அவன் சிரித்தான். கிழவிகளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"வயசாச்சு, மறந்திருப்பீங்க. அட்டையிலயே தெளிவா இருக்கே. நீங்க அவர் சண்டையை ஒண்ணாவது பார்த்திருக்கீங்களா?"

"மேடையில பார்த்ததில்ல."

"அப்புறம் எப்படி இவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அவனுக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தாள். முடியை ஒதுக்கி இடது காதைக் காட்டினாள்.

"எதிர்ல இருக்கிறவன் அடிச்சு இந்தப் பக்கம் விழணும்னா எந்தக் கை வரணும்? நீதான் எல்லாம் தெரிஞ்சவனாச்சே, சொல்லு. துன்னுக்கினு இருந்தவரு அப்டியே எழுந்து அடிச்சாரு. ஆஸ்பத்திரியில காதுலேர்ந்து சோத்துப் பருக்கைய எடுத்தாங்க."



வெள்ளைக் கிளவுஸ் போட்ட அவன் வலது கை தானாக உயர்ந்தது. அவள் காதுக்கு நேரே காற்றில் ஒரு முறை அளந்து பார்த்தது. சரியாக வந்தது.

அவன் பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். அதில் கிடந்த இடது கிளவுஸைப் பார்த்தான்.

முகம் செத்துப்போயிற்று.

ஒரு நொடி, தனக்காகத்தான் என்று அவள் நினைத்துவிட்டாள்.

"ஐயோ," என்றான். "வலதை விட்டுட்டு வந்துட்டேனே!"

அவள் முடியை இழுத்துவிட்டுக்கொண்டு முறத்தருகே திரும்பினாள்.

அவன் அவசரமாகப் போனை எடுத்தான். எழுந்து அவளுடைய இடப்பக்கமாக வந்தான். முட்டி போட்டு, படம் எடுக்கப் போனை அவள் காதுக்கு அருகே கொண்டுவந்து, மரியாதையாக ஏதோ கேட்டான். மறுபடியும் கேட்டான்.

அந்தப் பக்கம் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

காகிதத்தை இழுத்து முறத்துக்குப் பக்கத்தில் விரித்தாள். நெத்திலித் தலையைக் கிள்ளி அதன்மேல் போட்டாள்.